முகாம் தாய்மாருக்கு அரிசியைத் தாண்டி என்ன உரிமை, எங்கே திருப்பி அனுப்புகிறார்கள்

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் முகாம்களில், கடலூர் மாவட்டம் அம்பலவாணன்பேட்டை முகாமானாலும் சரி, புதுச்சேரியை ஒட்டி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் கீழ்ப்புத்துப்பட்டு முகாமானாலும் சரி, ஒரு கர்ப்பிணியின் வீட்டில் அரிசி இல்லை என்ற பேச்சு அநேகமாக வராது. எட்டு வயதுக்கு மேல் ஆளுக்கு மாதம் 12 கிலோ, அதற்குக் கீழ் 6 கிலோ. கணவன், மனைவி, மூன்று வயதுப் பிள்ளை என்றால் 30 கிலோ. அதே வீட்டுக்கு ரேஷனில் பருப்பு 1 கிலோ. நாளுக்கு 33 கிராம், மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 11 கிராம். வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறுவதில்லை. ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் குறைவு என்று எழுதிவிட்டு "நல்லா சாப்பிடும்மா" என்கிறார்கள். எதை வாங்கி, எந்தப் பணத்தில் என்று யாரும் சொல்வதில்லை.

நல்ல சாப்பாட்டை அளக்க ஒரு கணக்கு உண்டு. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பெண்களுக்கென்று வகுத்தது. உணவைப் பத்து வகையாகப் பிரிக்கிறார்கள்: அரிசி-கிழங்கு, பருப்பு-பயறு, கொட்டை-விதை, பால்-தயிர், மீன்-கறி, முட்டை, கீரை, மஞ்சள்-ஆரஞ்சு நிறக் காய்பழம், மற்ற காய், மற்ற பழம். ஒரே நாளில் இதில் குறைந்தது ஐந்து வகை வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். முகாமில் வழக்கமான ஒரு நாளைப் போட்டுப் பாருங்கள். சோறு ஒன்று. கத்தரிக்காய்ச் சொதி, அதில் காய் ஒன்று. தேங்காய்ப்பால் கொட்டை வகையில் சேராது, கொழுப்புக் கணக்கில்தான் போகும். சம்பலில் தூவிய கருவாட்டுத் தூள் ஒரு மேசைக்கரண்டி அளவுக்கும் குறைவு என்பதால் மீனாகாது. தேநீரில் ஊற்றிய பாலும் அப்படியே. மொத்தம் இரண்டு. மீதி மூன்றும் எங்கிருந்தோ வர வேண்டும். அது நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு முட்டுக்கட்டை.

அரசாணைப் பின்னணி இவ்வளவு போதும்: 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி முகாம் உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்டவருக்கு 500. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனதும் அப்போதுதான்.

அங்கன்வாடி சத்துமாவு

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் நான்காம் பிரிவு, கர்ப்பிணிக்கும் பிரசவமாகி ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரச் சொல்கிறது. அளவு நாளுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். அந்தப் பிரிவில் 'ஒவ்வொரு கர்ப்பிணியும்' என்றுதான் இருக்கிறது. ரேஷன் கார்டு வைத்திருக்க வேண்டும் என்றில்லை, வருமானச் சான்று வேண்டும் என்றில்லை. முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில், காவல் நிலையப் பதிவில் இருக்கும் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடையாது. ஆனால் மாவு உண்டு. "நீங்க முகாம்ல இல்லையே" என்று அங்கன்வாடியில் சொன்னால் அது தவறு.

புதிதாக முளைத்த தொல்லை செல்போன். அங்கன்வாடிக் கணக்கை வைக்கும் போஷன் டிராக்கர் செயலியில் பெயர் ஏற்ற ஆதார் கேட்கிறார்கள், 2025 ஜூலையிலிருந்து முகப்பதிவும் கேட்கிறார்கள். பதிவின்போது ஓ.டி.பி. வரும் நம்பர் பெரும்பாலும் கணவனுடையது. அவர் பெயின்ட் வேலைக்குப் புதுச்சேரி போயிருப்பார், போன் அவர் சட்டைப்பையில். பதிவு முடியாததால் மாவு வாங்கப் போனவள் வெறுங்கையோடு திரும்புகிறாள், அடுத்த மாதம் "போன மாசம் நீங்க வரல" என்று பதிவு காட்டுகிறது. பெயர் ஏற்றும் நாளிலேயே வீட்டில் இருக்கும் போனின் நம்பரைக் கொடுங்கள், மாமியாருடையதானாலும் பரவாயில்லை. "ஸ்டாக் வரல" என்றால் எந்த மாதத்துக்கு எத்தனை பாக்கெட் பாக்கி என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். வாங்காத மாவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

இன்னொன்று. அந்த மாவு அவளுக்கு. வீட்டில் நாலு பேருக்குக் கரைத்தால் அவளுக்கு 150 கலோரிதான் மிஞ்சும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி

தமிழ்நாடு அரசின் இந்தத் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணம், தலா 2,000 மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்தில் பேரீச்சம்பழம், ஆவின் நெய், ஹெல்த் மிக்ஸ், புரத பிஸ்கட், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். பணம் இப்போது மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்கு மாதமாகும்போது 6,000, ஒன்பது மாதமாகும்போது 2,000. தடுப்பூசி தவறினால் பின்னிரண்டு தவணையும் தொங்கும். முகாம் தாய்மாருக்கும் இது உண்டு. வயது 19 நிரம்பியிருக்க வேண்டும்.

பெரிய பொறி 12 வாரம். அதற்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி நம்பர், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்கியாக வேண்டும். இங்கேதான் அலைக்கழிப்பு. "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க", "அடுத்த வாரம் வாங்க, சர்வர் வேலை செய்யல" என்று இரண்டு முறை திருப்பினாலே மூன்று வாரம் போய்விடும், பிறகு "லேட்டா வந்துட்டீங்க". மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரமானதும் துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பதிவதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை போதும், ஸ்கேனுக்காகக் காத்திருக்காதீர்கள். திருப்பி அனுப்பினால் அன்றே 102-க்குப் போன் செய்து பதியச் சொல்லுங்கள். பேசிய தேதியையும் நேரத்தையும் தாய்-சேய் அட்டையின் பின்பக்கம் குறித்து வையுங்கள்.

அடுத்த பொறி பெயர். முகாம் அட்டையில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, பாங்கில் கல்யாணத்துக்கு முந்தைய தகப்பன் பெயரின் இனிஷியல். மூன்றில் ஒன்று ஒட்டாவிட்டாலும் பணம் திரும்பிவிடும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். கணக்கு தாயின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஒரு வருடமாகத் தொடாத கணக்கு என்றால் 100 ரூபாய் போட்டு எடுத்து உயிரோடு வையுங்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டு முகாமுக்குப் போகிறவர்கள் அங்கே புதிதாகப் பதியக்கூடாது. முதல் பிக்மி நம்பரையே காட்டுங்கள். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு நம்பர் இருந்தால் பணம் சிக்கிக்கொள்ளும். கீழ்ப்புத்துப்பட்டுக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கம், ஆனால் பிக்மி தமிழ்நாட்டுடையது. புதுச்சேரியில் நடந்த பிரசவம் அதில் தானாக ஏறாது. டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை ஒரு வாரத்துக்குள் உங்கள் செவிலியர் கையில் கொடுத்து, ஏற்றியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

உதவித்தொகை அறுபடுவது

முகாமில் ஆளிருக்கிறதா என்று தணிக்கை நடக்கும். அன்று ஆளில்லை என்றால் அந்தத் தலைக்கு உரிய பணம் நிற்கும். பிரசவ வார்டில் படுத்திருப்பவள் எப்படி வந்து நிற்பாள்? இருந்தும் பெயர் அடிபடுகிறது, மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது, அதுவும் பால், முட்டை அதிகம் வேண்டிய அந்த மாதங்களில்.

இதைத் தடுக்க ஒரே வழி முன்கூட்டியே தாள் கொடுப்பது. ஆஸ்பத்திரிக்கோ தாய் வீட்டுக்கோ கிளம்புமுன் முகாம் ஆர்.ஐ.க்கு (வருவாய் ஆய்வாளர்) ஒரு மனு எழுதுங்கள். பெயர், முகாம் அட்டை எண், எந்த முகாமுக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பிரசவத்துக்காக என்ற காரணம். தாய்-சேய் அட்டை நகலை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "முகாம் தலைவர்கிட்ட சொல்லிட்டேன்" என்பது தணிக்கை நாளில் செல்லாது. கல்யாணமாகி வேறு முகாமிலிருந்து வந்தவளின் பதிவு மாற்றம் முடியும்வரை பழைய முகாமிலும் பணமில்லை, புதிய முகாமிலும் பணமில்லை என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். கர்ப்பமாகும்வரை காத்திராமல் கல்யாணமான மாதமே மனுப் போடுங்கள்.

குழந்தையின் 500 ரூபாய் பிறந்த நாளிலிருந்து தானாக வராது. பிறப்புச் சான்றிதழ் வாங்கி முகாம் பதிவில் சேர்த்தால்தான் வரும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை.

கையில் வரும் பணத்தில்

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் கணிசமான பகுதி வீண். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்க்காதீர்கள், இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஒரு முட்டை, ஒரு கை வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை), வேலியில் நிற்கும் முருங்கைக்கீரை. மேலே சொன்ன இரண்டு வகையோடு இந்த மூன்றும் சேர்ந்தால் ஐந்து ஆகிவிட்டது. மத்தி மலிவாக வரும் நாளில் மீன் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், அப்போது முட்டைக்கும் பயறுக்கும் மாறுங்கள். பரங்கிக்காய், பப்பாளிப் பழம் இரண்டும் மஞ்சள் நிற வகைக்குப் போதும்.

எங்கேயும் நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், அல்லது முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண். அம்பலவாணன்பேட்டைக்குக் கடலூர், கீழ்ப்புத்துப்பட்டுக்கு விழுப்புரம். புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே போனால் ஒரு நாள் கூலிதான் போகும். மனுவில் கதை வேண்டாம்: எந்த மாதம், எந்தப் பொருள் அல்லது எவ்வளவு பணம், யாரிடம் எந்தத் தேதியில் கேட்டது, பிக்மி நம்பர். மாவும் பணமும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டு துறையும் ஒன்றையொன்று கைகாட்டும். தனித்தனியாக எழுதி, இரண்டுக்கும் தனித்தனி ரசீது எண் வாங்குங்கள்.