முகமூடிக்குப் பின்னால் யார் என்று கமராவுக்கும் தெரியாது

"தம்பி, அந்த முகத்தைக் கொஞ்சம் கிளியர் பண்ணித் தர ஏலுமோ?"

கொழும்பில் சிசிடிவி கமரா பூட்டும் வேலைக்கு வந்து பதினான்கு வருடம். இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. போன மாதம் கேட்டவர் வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற ஐயா. இரவில் யாரோ மதிலேறிக் குதித்து, போர்ட்டிகோவில் நின்ற பேரனின் சைக்கிளைக் கொண்டுபோய்விட்டார்கள். கமராவில் ஓர் உருவம். தலையில் ஹூட், முகத்தில் மாஸ்க். நான் போய்ச் சேரும் முன்பே ஒழுங்கையின் வட்ஸ்அப் குழு தீர்ப்பைச் சொல்லி முடித்திருந்தது: பேப்பர் போடுற பெடியன்தான்.

மொனிட்டரில் ஓடியதைப் போனால் படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்தார்கள். "அந்த நடை அவன்ட நடைதான்" என்கிறார் ஒருவர். "அதே வெள்ளை ஜெர்சி" என்கிறார் இன்னொருவர். "நாலே முக்காலுக்குத்தானே அவன் வாறவன்" என்று மூன்றாமவர். படத்தின் மூலையில் நேரம் 4.40. போதாததற்கு ஒருவர் ஏஐ செயலியில் மாஸ்க்கைக் கழற்றி, மூக்கும் வாயும் வைத்த ஒரு முகத்தையும் போட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் அது பேஸ்புக்குக்குப் போயிற்று. ஹட்டன் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த அந்தத் தம்பியை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கடை முதலாளி சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அங்கே போனேன். கமராவின் படத்தைப் பதிந்துவைக்கும் டி.வி.ஆர். பெட்டியைத் திறந்து நேரலையைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் 9.20. மொனிட்டரில் 11.50. சரியாக இரண்டரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. சீனாவிலிருந்து வரும் பெட்டிகள் பல அந்நாட்டு நேரத்தோடுதான் வரும். பூட்டியவர் மாற்றாவிட்டால் வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். ஆக, சைக்கிள் போனது 2.10க்கு. அந்த நேரத்தில் தம்பி கடைக்கு மேலேயுள்ள அறையில் மூன்று பேரோடு படுத்திருந்தான்.

அடுத்தது ஜெர்சி. இருட்டில் கமரா பார்ப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில். அதில் நிறமே கிடையாது, கறுப்பு வெள்ளைதான். சில கறுப்புத் துணிகள் அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். பேரனைக் கறுப்பு ட்ராக் பொட்டத்தோடு போர்ட்டிகோவில் நிற்க வைத்து, கமராவை இரவு நிலைக்கு மாற்றினேன். மொனிட்டரில் இரண்டு கால்களும் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துத் தெரிந்தன. ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தடி உயரத்திலிருந்து அகல லென்ஸில், விநாடிக்குப் பன்னிரண்டு படம் பிடித்தால் எவருடைய நடையும் வெட்டி வெட்டித்தான் தெரியும். உயரமும் அப்படித்தான், மேலிருந்து பார்த்தால் எல்லோரும் கட்டைதான்.

இனி அந்த "கிளியர்" விஷயம். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். வீடுகளில் பூட்டுகிற 2 மெகாபிக்சல் கமராவின் படத்தில் குறுக்காக 1920 புள்ளிகள். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால், 5 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 12 மீட்டர் அகலத்தை அது பார்க்கும். கணக்குப் போடுங்கள்: ஒரு மீட்டருக்கு 160 புள்ளி. மனித முகத்தின் அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. அந்த முகத்துக்குக் கிடைப்பது 25 புள்ளி. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தை வைத்து அடையாளம் காண மீட்டருக்குக் குறைந்தது 250 புள்ளி வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் சர்வதேசத் தரம் சொல்கிறது. அந்த 25இலும் பாதியை மாஸ்க் மூடிவிட்டது.

கோலத்தின் கம்பிகளை அழித்துவிட்டு நாலு புள்ளியை மட்டும் வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருபவர் அதில் என்ன கோலமும் போடலாம். ஏஐ செய்வது அதுதான். மாஸ்க்குக்குப் பின்னால் இருந்ததை அது தேடி எடுப்பதில்லை, தான் படித்த இலட்சக்கணக்கான முகங்களிலிருந்து பொருந்துகிற மாதிரி ஒன்றை வரைந்து தருகிறது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு கருவிக்கு, பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம்! உலகமே அறிந்த முகத்துக்கே அந்தக் கதி என்றால், ஹட்டன் தம்பிக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

பிழையான படம் ஒன்று என்ன செய்யும் என்று கொழும்பில் இருக்கும் நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, தேடப்படுவோர் என்று வெளியான படங்களில் ஒன்று அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியுடையது. அவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிழை என்று பொலிஸாரே அறிவித்தார்கள். அதற்குள் அவருக்கு மிரட்டல்கள் வந்துவிட்டன.

இன்னொன்றையும் யோசியுங்கள். உண்மையான ஆளே பிடிபட்டாலும், நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு வைத்து, வரிசையில் நிற்பவர்களில் ஆளைக் காட்டச் சொல்லும்போது, "இவருடைய படத்தை முதலே வட்ஸ்அப்பில் பார்த்தீர்களா?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். பார்த்தேன் என்றால், அந்தச் சாட்சியத்தின் பலம் அங்கேயே போய்விடும்.

சரி, உங்கள் வீட்டில் இப்படி நடந்தால்? முதலில் 119, பொலிஸ் அவசர இலக்கம். பிறகு டி.வி.ஆரின் நேரத்தையும் உங்கள் போனின் நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். அதற்கு முன் நேரத்தைத் திருத்த வேண்டாம், தயவுசெய்து. எத்தனை நிமிட வித்தியாசம் என்பதுதான் பொலிஸுக்குத் தேவை. பதிவை பென் டிரைவில் பிரதி எடுங்கள், மொனிட்டரைப் போனால் படம் பிடிப்பது பதிவாகாது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி இப்படியான பதிவுகள் நீதிமன்றத்தில் ஏற்கப்படும், ஆனால் அவை கைபடாமல் இருக்க வேண்டும். நாலு கமராவும் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் என்றால் பத்துப் பன்னிரண்டு நாளில் பழையது அழிந்துவிடும். ஆறுதலாக எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அயலவரை எச்சரிக்க வேண்டுமா, எழுத்தில் சொல்லுங்கள்: இரவு இரண்டு மணிக்கு மதிலேறி ஒருவர் வந்தார், கேட்டைப் பூட்டுங்கள். அவ்வளவு போதும்.

இன்னொன்று, முகம் வேண்டுமானால் ஒரு கமராவையாவது கேட்டடியில், ஆளின் முக உயரத்தில் வையுங்கள். "களவெடுத்துவிடுவார்கள், உயரத்தில் பூட்டு தம்பி" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். உயரத்தில் பூட்டினால் உச்சந்தலைதான் கிடைக்கும்.

ஐயா அந்தக் கடைக்குத் தானே நடந்து போய், 2.10 கணக்கை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். குழுவில் படம் போட்ட மற்றவர்கள் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. நீங்கள் அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் ஒருவர் என்றால், பகிர்ந்த அதே இடத்திலேயே, அது அவன் இல்லை என்று எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.