மூடத் தெரிந்த வால்வு

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் கேரட் தோட்டத்துக்கு 40 மீட்டர் மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து வரும் 200 மீட்டர் பிவிசி குழாயின் அடியில், தகட்டைத் திருகி இறக்கி மூடும் பழைய கேட் வால்வு ஒன்று இருந்தது. சுற்றிச் சுற்றிக் கை வலித்ததால் அதைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடிக்கொள்ளும் பால் வால்வை மாட்டினேன். மூன்றாம் நாள் மழை இறங்குவதைப் பார்த்துச் சட்டென்று மூடினேன். சம்மட்டியால் அடித்தது போல ஓர் ஓசை. வளைவில் இருந்த இணைப்பு பிளந்து, மழைக்கு முன்பே நனைந்தேன்.

அது 6 கிலோ குழாய், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் தாங்கும் குழாய். 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்று வைத்தால், எங்கள் தொட்டி தருவது 4 கிலோதான். மிச்சம் எங்கிருந்து வந்தது?

ஓடிக்கொண்டிருந்த தண்ணீரிடமிருந்து. வால்வை ஒட்டிய தண்ணீர் நின்றதும், பின்னால் வருவது அதன்மேல் முட்டி நெருங்குகிறது. அந்த நெருக்கம் ஓர் அலையாகக் குழாயில் மேலே ஓடுகிறது. 1890களின் இறுதியில் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதித்து இதற்குக் கணக்குச் சொன்னார்: தண்ணீரின் அடர்த்தி, அலையின் வேகம், தண்ணீர் இழந்த வேகம், மூன்றையும் பெருக்கினால் கூடுதல் அழுத்தம். பிவிசியில் அலை வினாடிக்குச் சுமார் 400 மீட்டர் ஓடும். 1.5 மீட்டர் வேகத்தில் வந்த தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் 6 கிலோ ஏறும். முன்பிருந்த 4 கிலோவோடு சேர்த்தால் 10. இரும்புக் குழாயில் அலை இன்னும் வேகம். அதே அவசரத்துக்கு 15 கிலோவோ அதற்கு மேலுமோ விலை கொடுக்க வேண்டும்.

தொட்டிவரை போன அலை, அழுத்தத்தைத் தணிக்கும் அலையாகத் திரும்பி வரும். என் குழாயில் போய்வர ஒரு வினாடி. அதைவிடப் பல மடங்கு நிதானமாக மூடினால் அடி விழாது. கேட் வால்வில் நான் சலித்துக்கொண்ட அந்தச் சுற்றுகள்தான் குழாயைக் காத்துவந்திருக்கின்றன.

இதையே பைக்காரா மின்திட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய அந்தத் திட்டத்தில், கிளென்மார்கனிலிருந்து சிங்காராவுக்கு ராட்சதக் குழாய்களில் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. அடிவாரத்தில் அழுத்தம் 90 கிலோவைத் தாண்டும். குழாயின் குறுகிய முனையிலிருந்து பீறிடும் தாரையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 130 மீட்டர். அது பெல்ட்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதிச் சக்கரத்தையும் அதோடு மின்னாக்கியையும் சுழற்றுகிறது.

இங்கே வால்வுக்கு வந்த சோதனை பெரிது. சக்கரம் எப்போதும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும்; இல்லாவிட்டால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் தாளம், அதாவது வினாடிக்கு 50 அலைவு, தப்பும். ஆகவே மின்தேவை குறையும்போது தண்ணீரின் அளவு குறைய வேண்டும், தாரையின் வேகம் குறையக் கூடாது. கேட் வால்வைப் பாதி மூடினால் தண்ணீர் சுழித்து, வேகத்தைச் சுழலிலேயே தொலைத்துவிடும். அதனால் முனைக்குள்ளேயே, ஓட்டத்தின் நடுவில், ஈட்டி போன்ற ஓர் உலோகக் குமிழை வைத்தார்கள். பெயரும் ஸ்பியர் வால்வுதான்; ஸ்பியர் என்றால் ஈட்டி. ஈட்டி முன்னே நகர நகர அதைச் சுற்றியுள்ள வளைய இடைவெளி சுருங்குகிறது. தண்ணீர் அதன் வழவழப்பான உடலைத் தழுவி வந்து, நுனியைத் தாண்டியதும் ஒன்றுகூடுகிறது. தாரை மெலிகிறது, வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. வால்வுகளில் இதைவிட அழகான வடிவத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் மின்தடத்தில் கோளாறு வந்து மின்தேவை ஒரே நொடியில் அற்றுப்போனால்? தண்ணீரை உடனே தடுக்காவிட்டால் சக்கரம் கட்டுமீறிச் சுழலும். உடனே மூடினாலோ என் தோட்டத்தில் நடந்தது மலையளவில் நடக்கும். இதற்கு விடை வால்வில் இல்லை, அதற்கு வெளியே இருக்கிறது. டிஃப்ளெக்டர் என்னும் தகடு தாரைக்குள் இறங்கி, அதைச் சக்கரத்தின் மேல் படாமல் திருப்பிவிடுகிறது. சக்கரம் தப்பிக்கிறது. ஈட்டி அவசரப்படாமல் தன்போக்கில் நகர்ந்து மூடுகிறது. அதுவரை தண்ணீர் வீணாகத்தான் போகும். குழாய் வெடிப்பதற்கு அது மலிவு.

கொட்டகையில் கிடந்த கேட் வால்வைத் தேடியெடுத்து, டேப் சுற்றி மறுபடி மாட்டிவிட்டேன். மூடுவதற்குப் பதினொரு சுற்று.