நுண்தாது: ஒரு சொல் விளக்கம்

பெங்களூருவில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் நம்மவர் யாராவது ஆட்டுக்குட்டிகளுக்குத் ‘தாது உப்பு’ வேண்டுமென்றால், கடைக்காரர் ‘கனிஜ மிஸ்ரணவா?’ என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, ‘மினரல் மிக்சர்’ பொட்டலத்தை எடுத்து வைப்பார். பொருள் ஒன்றுதான். ஆனால் இரும்பு, செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், அயோடின், செலினியம் ஆகியவை மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படுகின்றன என்ற செய்தி இம்மூன்று பெயர்களில் எதிலும் இல்லை.

அச்செய்தியைச் சொல்வது ‘டிரேஸ் மினரல்’ என்ற பெயர். டிரேஸ் என்றால் சுவடு. இருப்பது தெரிந்தும் அன்றைய கருவிகளால் அளக்க முடியாதவற்றை முற்கால வேதியியலர் அப்படிக் குறித்தனர். இன்று தீவனத்தில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கோபால்ட்டையும் அளக்க முடிகிறது. ‘சுவட்டுத் தனிமம்’ என்ற நேர்பெயர்ப்பை நான் விரும்புவதில்லை. நடந்து போனவரின் தடம் அல்லவா சுவடு? ‘நுண்’ என்ற அடை அளவை மட்டும் சொல்கிறது, அது போதும்.

‘தாது’ வடசொல், பழந்தமிழ்ப் பாட்டில் அது பூந்தாது, சித்த மருத்துவத்தில் உடலின் ஏழு தாதுக்கள், லேகிய விளம்பரத்தில் வேறொன்று. ‘கனிமம்’ பொருள் மயக்கமற்றது. சுரங்கத்தைக் குறிக்கும் ‘கனி’யிலிருந்து வந்த அது, கடைக்காரரின் ‘கனிஜ’வுக்கு உறவுதான். ஆயினும் ஆடு வளர்ப்போர் நாவில் பழகிய ‘தாது’வை விலக்க வேண்டியதில்லை; நுண்தாது என்போம். ‘உப்பு’தான் ஏமாற்றும் சொல். செம்பை மயில்துத்தமாகவும் இரும்பை அன்னபேதியாகவும், அதாவது வேதியியல் உப்புகளாகக் கலப்பதால் வந்த பெயர் அது; கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்து வைத்துவிட்டுத் தாது உப்பு கொடுத்தாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு.

இக்கலவைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சப்ளிமென்ட்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு நிரப்புதல் என்று பொருள். ஆகவே ‘குறைநிரப்பு ஊட்டம்’ என்பது ‘கூடுதல் ஊட்டம்’ என்பதைவிடப் பொருத்தம். குறை இருந்தால்தான் நிரப்ப வேண்டும். பாலில் இரும்பும் செம்பும் குறைவு என்பதால், குட்டி தன் கல்லீரலில் கொண்டு பிறந்த இருப்பை வைத்தே முதல் வாரங்களைக் கடத்துகிறது. சினை ஆட்டுக்கே செம்பு போதாதிருந்தால், பிறந்த குட்டி பின்னங்கால் தள்ளாடி விழும்; அயோடின் போதாதிருந்தால் கழுத்து வீங்கி, மயிரின்றிப் பிறக்கும். மண்ணுக்கு மண் குறை வேறுபடுவதால், பெங்களூருவின் ஆடுகோடியில் (ஊர்ப் பெயரிலேயே ஆடு!) உள்ள தேசியக் கால்நடை ஊட்ட, உடலியங்கியல் நிறுவனம் வட்டாரத்துக்கு ஏற்ற கலவைகளை வலியுறுத்தி வந்திருக்கிறது.

பெயர் சரியாக இருந்தாலும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தே வாங்க வேண்டும்: செம்மறிக்குச் செம்பு எளிதில் நஞ்சாகும் என்பதால் அதற்கான கலவையில் செம்பு சேர்க்காமல் விடுவதுண்டு, வெள்ளாட்டுக் குட்டிக்கோ அந்தச் செம்பு வேண்டும்.