உப்புத்தாளை எடுக்குமுன் ஒரு சொட்டு ஸ்பிரிட்

பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த தேக்கு நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். என் கையும் தேடியது. எங்கள் தெரு ஆசாரி தடுத்தார். "இருங்க தம்பி, மேல என்ன பூசியிருக்குன்னு முதல்ல பார்ப்போம்" என்று இருக்கையின் அடியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் விரலில் பிசுபிசுவென ஒட்டியது. "அரக்கு பாலிஷ்தான். தேய்க்கவே வேணாம்."

பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டினானே, அந்த மாளிகையின் அரக்குதான் இதுவும். புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் அப்பிக்கொண்டு சாறு குடிக்கும் ஒரு சிறு பூச்சி, தன்னைச் சுற்றிக் கசியவிடும் பிசின். அதைச் சுரண்டி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவல் மாதிரி ஆகும். அதனால் அவலரக்கு என்று பெயர். வினைல் வரும்வரை 78 சுற்று இசைத்தட்டுகளையும் இதை வைத்துத்தான் செய்தார்கள்.

அவலரக்கு தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பூசியதும் ஸ்பிரிட் ஆவியாகிப் போக, அரக்கு மட்டும் படலமாக மரத்தில் நிற்கிறது. வேறு ரசாயன மாற்றம் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. உப்பளத்தில் தண்ணீர் வற்றி உப்பு படிவது போலத்தான். மறுபடி தண்ணீர் விட்டால் உப்பு கரைந்துவிடும். இப்போது பரவலாக அடிக்கும் பாலியூரித்தேன் வார்னிஷ் அப்படியில்லை. அதன் மூலக்கூறுகள் காயும்போதே ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிவிடும். வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே அரக்கு பாலிஷில் புதுப்பூச்சு பழையதன் மேல் தனி அடுக்காக உட்காருவதில்லை. அதிலுள்ள ஸ்பிரிட் பழைய படலத்தின் மேல்பரப்பை இளக்க, இரண்டும் கலந்து ஒன்றாகின்றன. மேலோட்டமான கீறலும் வெடிப்பும் தாமாக நிரம்பும். கனமான மரமாக இல்லாமல் மேலே வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டிய மேசையென்றால் இது இன்னும் முக்கியம். உப்புத்தாள் கொஞ்சம் அதிகமாக ஓடினாலே வெனீர் கிழிந்து அடிப்பலகை பல்லிளிக்கும்.

ஆசாரி முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் அழுக்கையும் மெழுகையும் எடுத்தார். அது அரக்கைத் தொடாது. சோடா உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றார். அரக்கில் அமிலத்தன்மை இருப்பதால் காரம் பட்டால் இளகிவிடும். அப்புறம் பஞ்சை உருட்டி, பழைய வேட்டித் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 200 கிராம் அவலரக்கு என்ற கணக்கில் கரைத்ததைத் தொட்டுத் தொட்டு இழுக்க வேண்டும். முடிச்சின் மேல் ஒரு துளி எண்ணெய், வழுக்கிக்கொண்டு போக. கை நடுவில் நின்றால் துணி ஒட்டி, அடியில் இருப்பதையும் பெயர்த்துவிடும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அடுப்பு பக்கத்தில் கூடாது. கரைத்த அரக்கைப் பல மாதம் வைத்திருக்கவும் கூடாது. அது மெல்ல ஸ்பிரிட்டோடு வினைபுரிந்து, பூசினால் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சூடான காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையத்தையும் இதே குணம் சரிசெய்கிறது. வெப்பத்தில் இளகிய படலத்துக்குள் ஈரம் புகுந்து, ஒளியைச் சிதறடிக்கிறது, அதுதான் வெண்மை. ஸ்பிரிட் பட்டும் படாமலும் இருக்கும் துணியை மேலே ஓட்டினால் படலம் சற்று இளகி, ஈரம் வெளியேறி, வளையம் மங்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆசாரி ஒரு மூலையை மட்டும் பூசிக் காட்டி நிறுத்திக்கொண்டார். அப்போது ஐப்பசி. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிரும். மழைக்காலக் காற்றின் ஈரம் அங்கே பனியாகப் படிந்து, புதுப் பாலிஷ் மொத்தமும் வெளுத்துப்போகும். தை பிறக்கும்வரை நாற்காலி பழைய போர்வைக்குள்தான் இருந்தது.