பழைய வின்செஸ்டரும் வார்த்த ஈயக் குண்டும்

கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அந்தக் கதைகளில் வரும் வின்செஸ்டர் ரைஃபிள்களை அமெரிக்காவில் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்களாமே? 140 வயதான துப்பாக்கியில் குறி தங்குமா? அதை எப்படிச் சோதிப்பார்கள்?"

சுடுகிறார்கள். 1898 வரை தயாரானவை அந்நாட்டுச் சட்டப்படி பழம்பொருள். நல்ல குழல் அமைந்தால் 100 கஜத்தில் பத்துக் குண்டும் பத்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும். வெறும் இரும்புக் குறிமுனையை நம்பிச் சுடும் துப்பாக்கிக்கு அது கௌரவமான கணக்கு. ஆனால் அங்கே சோதிக்கப்படுவது துப்பாக்கி மட்டும் இல்லை, குழலுக்கும் குண்டுக்கும் உள்ள பொருத்தம். சுவாரஸ்யமே அதில்தான் இருக்கிறது.

கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் தயாரான 1873 மாடலை எடுத்துக்கொள்வோம். லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது ஏறும். அதன் .44-40 ரகத் தோட்டாவில் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) கருமருந்தும் 13 கிராம் ஈயக் குண்டும் இருந்தன. வேகம் விநாடிக்குச் சுமார் 380 மீட்டர். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய காடிகள் 36 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும். ஆக, வெளியே வரும் குண்டு விநாடிக்கு 400 முறைக்கு மேல் சுழலும். சுழல்வதால்தான் அது புரளாமல் பறக்கிறது. பள்ளியில் படித்த கோண உந்தம்தான், விட்டுவிடலாம்.

குண்டுக்கும் குழலுக்கும் நடுவே முடியளவு இடைவெளி இருந்தால்கூடப் போதும், எல்லாம் கெட்டுப்போகும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பின்னாலிருந்து தள்ளும் வாயுவின் சூடு அதைப் போலப் பல மடங்கு. இடுக்கு வழியாகப் பீறிடும் வாயு குண்டின் விளிம்பை அரித்து, அந்த ஈயத்தைக் குழலின் சுவரில் அப்பிவிடும். அடுத்த குண்டு அந்த அப்பலின் மேல் உரசிக் கோணலாகும். சில சுற்றுகளில் குறி எங்கேயோ போய்விடும்.

சரி, இடைவெளியை அடைப்பது யார்? வாயுவேதான்! எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இது. மருந்து பற்றியதும் அழுத்தம் ஒரு மில்லிநொடிக்குள் எகிறுகிறது. குண்டின் அடிப்பாகம் முன்னே ஓடப் பார்க்கிறது. மூக்குப் பக்கத்து நிறை, நிலைமம் காரணமாக, உடனே நகர மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மென்மையான ஈயம் வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் பிதுங்கி, காடிகளின் அடிவரை நிரப்பிக்கொள்கிறது. கசியப் பார்க்கும் வாயு தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. கருமருந்து சட்டென்று எரிவதால் இந்த இடி பலமாக விழும். இன்றைய புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் அழுத்தம் மெதுவாக ஏறும். ஈயம் பிதுங்குவதற்குள் குண்டு நகரத் தொடங்கிவிடும்.

ஈயத்தின் கடினமும் அளவாக இருக்க வேண்டும். உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் அளவில் சுத்த ஈயம் சுமார் 5. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் சுமார் 10. லைனோடைப் அச்சு இயந்திரத்தில் எழுத்து வார்த்த ஆண்டிமனிக் கலவை சுமார் 22. அந்தப் பழைய அச்சு உலோகத்துக்குக் குண்டு வார்ப்பவர்களிடம் இன்னும் கிராக்கி உண்டு. கடினமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 1873 மாடலின் அழுத்தத்துக்குக் கடினமான குண்டு லேசில் வீங்காது. அழுத்தத்தைக் கூட்டலாம் என்றால், தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டிப் பிடிக்கும் அந்தத் துப்பாக்கியின் மூட்டு அதைத் தாங்கும்படி செய்யப்படவில்லை.

வீக்கத்தை மட்டும் நம்பவும் முடியாது. அந்தக் காலத்துக் குழல்களின் உள்விட்டம் ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரைகூட மாறும். அதனால் முதலில் எண்ணெய் தடவிய குழலுக்குள் ஒரு மெத்தென்ற ஈயத்துண்டைத் தட்டித் தட்டி மறுபக்கம் எடுத்து, மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். குண்டு அதைவிட 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை பருமனாக இருக்க வேண்டும். கடையில் வாங்காமல் வீட்டில் வார்ப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்த வீக்கத் தத்துவத்துக்குத் தென்னிந்தியத் தொடர்பு ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே இருந்த கேப்டன் ஜான் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் வைத்து ஊதும் அம்பைப் பார்த்தாராம். அம்பின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி. ஊதியதும் அது விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும், காற்று வீணாகாது. அதைப் பார்த்துத்தான் அடிப்பாகம் குழிந்த குண்டை அவர் வடிவமைத்தார் என்று ஆயுத வரலாற்றில் சொல்வார்கள். பிரிட்டிஷ் ராணுவம் வேண்டாம் என்றது. பிறகு அதே தத்துவத்தை பிரான்சின் ராணுவ அதிகாரி மினியே கொண்டுவந்தபோது பிரிட்டிஷ் அரசு 20,000 பவுண்டு எடுத்துக் கொடுத்தது. வீட்டு ஆள் சொல்லும்போது செலவு, வெளிநாட்டுக்காரர் சொன்னால் முதலீடு என்கிற இந்தப் புத்தி நம் ஆய்வு நிதிக் குழுக்களிடமும் நன்றாகவே குடியிருக்கிறது. ஊதுகுழல் செய்தவருக்கோ பெயர்கூட மிஞ்சவில்லை.

அப்புறம் சோதனை. மேசையில் மணல் மூட்டை வைத்து, துப்பாக்கியை அதில் படுக்க வைத்துச் சுடுவார்கள். தோட்டா அடுக்கும் நீளக் குழாய் சுடும் குழலோடு பட்டை போட்டுக் கட்டப்பட்டிருக்கும். உள்ளே தோட்டா குறையக் குறைய எடை மாறி, குழலின் அதிர்வும் மாறும். ஆகவே ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுவது உத்தமம். புகையில்லா மருந்து என்றால் பெரிய தோட்டாவுக்குள் கொஞ்சமாகக் கிடக்கும். அது முன்பக்கம் கிடக்கிறதா பின்பக்கமா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். அதனால் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை ஒரே மாதிரிச் சாய்த்து எடுக்க வேண்டும்.

மூன்று குண்டு சுட்டு, மூன்றும் நெருக்கமாக விழுந்தால் படம் எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய. பலித்த ஜோசியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிதறல் இயல்நிலைப் பரவலாக இருந்தால், சராசரியாக மூன்று குண்டுகளின் அதிகபட்ச இடைவெளி 6 சென்டிமீட்டர் வரும் அதே துப்பாக்கியில் பத்துக் குண்டுக்கு அது ஒன்பதரை ஆகும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, எண்ணிக்கை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதிகபட்ச இடைவெளியை விட, எல்லாக் குண்டுகளும் மையத்திலிருந்து சராசரியாக எவ்வளவு விலகின என்பதே நம்பகமான அளவு.

வின்செஸ்டர் நிறுவனமே 1870-களில் சோதனையில் நெருக்கமாகச் சுட்ட குழல்களைத் தனியே எடுத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்து 100 டாலருக்கு விற்றது. 1873 மாடலில் அப்படி விற்றவை நூற்றுச் சொச்சம்தான். அவற்றில் சில உண்மையிலேயே நல்ல குழல்கள். மற்றவை அன்றைக்கு அதிர்ஷ்டம் அடித்த சாதாரணக் குழல்களாக இருந்திருக்கலாம். மறுபடி சுட்டுப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

இலக்குத் தாளைப் பார்த்த பிறகு குழலுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். தோட்டா ஏறும் பக்கம் வெள்ளிக் கோடுகளாக ஈயம் படிந்திருந்தால் பெரும்பாலும் குண்டு சிறுத்திருக்கிறது, வாயு கசிந்திருக்கிறது. வாய்ப்பக்கம் மட்டும் படிந்திருந்தால் குண்டைச் சுற்றி உள்ள காடிகளில் வழுக்குவதற்காகத் தடவிய தேன்மெழுகுப் பசை பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த முறை பசை அதிகம் பிடிக்கும் வேறொரு அச்சில் வார்க்க வேண்டியதுதான்.