நாக்கு செபிக்கும்போது எண்ணுவது யார்?

கொழும்பின் வெள்ளவத்தையில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கும் வரை என் பெரியம்மாவின் உதடுகள் ஓய்வதில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸின் இரைச்சலுக்குள் ‘ஓம் நமசிவாய’ ஓடிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் கைப்பைக்குள் உருத்திராக்க மாலை உருளும். இப்போது மகன் கைபேசியில் போட்டுக் கொடுத்த, மந்திரத்துக்கு ஒருமுறை திரையைத் தொட்டால் எண்ணிக்கொள்ளும் செபச் செயலி. செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலுக்குப் போன ஒருநாள், இருக்கை கிடைத்த தைரியத்தில், இரண்டையும் போட்டிக்கு விட்டோம். வலக்கையில் மாலை, இடக்கையில் கைபேசி. மாலை 108 மணிகளில் ஒரு சுற்று முடிந்தபோது கைபேசி 113 என்றது. ஐந்து மந்திரங்களை இறைவனுக்குக் கடன் வைத்தது எது என்பதில் பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் அது ஏன் என்று அறியும் ஆசை.

அதற்கு முன் இன்னொரு கேள்வி: எண்ணுவதற்குக் கருவி எதற்கு, மனம் போதாதா? சத்தமாக மந்திரம் சொல்லிக்கொண்டே மனத்துக்குள் ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணிப் பாருங்கள். இருபதைத் தாண்டுவதற்குள் மந்திரமோ எண்ணோ ஒன்று தடுமாறும். உளவியலாளர்கள் ஆலன் பாட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் முன்வைத்த செயல்படு நினைவுக் கோட்பாடு இதற்கு விடை தருகிறது. சொற்களைச் சில விநாடிகள் பிடித்து வைத்திருக்க மூளையில் ஓர் ஒலிச்சுழல் இயங்குகிறது. மனத்துக்குள் எண்ணுவதும் ஓசையற்ற பேச்சுதான். அதற்கும் அதே சுழல்தான் வேண்டும். வாய் அதை மந்திரத்துக்கு எடுத்துக்கொண்டால் எண்ணுக்கு இடமில்லை. ஆகவே கணக்கை விரலிடம் ஒப்படைத்தார்கள்.

இந்தத் தந்திரத்தைக் கண்டது ஒரு மதம் மட்டுமல்ல. செட்டியார் தெருவிலிருந்து நடக்கும் தூரத்திலேயே கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் 59 மணிகள் கொண்ட செபமாலையைக் காணலாம். புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் பக்கம் 33 அல்லது 99 மணிகள் கொண்ட தஸ்பீஹ் மாலையைக் காணலாம். உருத்திராக்க மாலையில் 108 மணிகளோடு மேரு என்ற தனிமணி ஒன்றும் இருக்கும். விரல் மேருவைத் தொட்டதும் கண் திறக்காமலேயே சுற்று முடிந்தது தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கு மேரு இல்லை, மணியும் இல்லை. கைபேசித் திரையின் கண்ணாடிக்கு அடியில் இன்டியம் வெள்ளீய ஒட்சைட்டு போன்ற, ஒளியை மறைக்காத மின்கடத்தியால் நெருக்கமான வலை ஒன்று இருக்கிறது. அந்த வலையின் குறுக்குக்கோடும் நெடுக்குக்கோடும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியும் மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு குட்டி மின்கொள்ளளவி. உப்பும் நீரும் நிறைந்த நம் விரல் கிட்ட வந்ததும் அந்த இடத்தின் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைச் சேர்க்கும் திறன், துளியளவு மாறும். வலையை விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல் துழாவிக்கொண்டிருக்கும் சில்லு அதைக் கண்டுபிடித்து, ‘விரல் பட்டது’, ‘விரல் எடுபட்டது’ என்று செயலிக்குச் சொல்கிறது. செயலி ஒன்றைக் கூட்டுகிறது. மந்திரம் சொல்லப்பட்டதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

மிகுதியாக வந்த ஐந்தின் பிறப்பிடம் இங்கேதான். கொழும்பு வெயிலில் விரல் வியர்க்கிறது. வியர்வையும் மின்னைக் கடத்தும், ஆகவே ஈரப்பொட்டு ஒன்றையே திரை இன்னொரு விரலாக எண்ணிவிடலாம். காலி வீதியில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் பெருவிரல் எழும்பி மறுபடி விழும்; அது உண்மையான இரண்டாம் தொடுகையே. இரண்டுக்கும் மருந்து ஒன்று: ஒரு தொடுகைக்குப் பின் கால் விநாடியோ அரை விநாடியோ செயலி காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளிக்குள் யாரும் நிதானமாக ஐந்தெழுத்தைச் சொல்லி முடிக்க முடியாது. பெரியம்மாவின் செயலியை எழுதியவர் அவசரக்காரர் போலும், அந்த ஏற்பாடு அதில் இல்லை.

கைபேசியை அசைத்து எண்ணும் முறையும் உண்டு. கைபேசியின் அசைவை உணரும் முடுக்கமானி, தனக்குள் தொங்கும் நுண்ணிய சிலிக்கன் துண்டின் ஆட்டத்தை அளக்கிறது. பஸ்ஸில் அது வேண்டாம். ஒரு வளைவுக்குள் நீங்கள் முத்தியடைந்துவிடுவீர்கள். ஒலிவாங்கியால் குரலைக் கேட்டு எண்ணும் செயலிகள் ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, மந்திரத்தின் வடிவத்தோடு பொருத்திப் பார்க்கின்றன. வாய்விட்டுச் சொல்லும் வாசிக செபத்துக்கு இது ஒத்துவரும். உதடு மட்டும் அசையும் உபாம்சு செபத்தில் குரல்நாண்கள் அதிர்வதில்லை. வெறும் மூச்சுச் சீறலில் எழுத்துகளைப் பிரித்தறிவது கடினம். மனத்துக்குள் மட்டும் சொல்லும் மானச செபத்தில் கேட்க எதுவுமே இல்லை.

நல்ல செயலிகள் ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு சிறு அதிர்வையும், 108இல் ஒரு நீண்ட அதிர்வையும் தருகின்றன. விநாடிக்கு 200 முதல் 300 தடவை அதிரும் பொருளை உணர்வதில் நம் தோலுக்கு அடியிலுள்ள பசினியன் நுண்ணுறுப்புகள் கைதேர்ந்தவை. மேருவின் வேலையை மோட்டார் பார்க்கிறது.

எனக்குள்ள மனக்குறை வேறு. திரையில் எண் ஏறுவதைக் கண்டால் வாய் வேகமெடுக்கிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்துச் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இலத்தீன் மரியன்னை செபமும் திபெத்திய மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைத்தன. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் கூர்மையடைந்தது. ஓட்டப்பந்தயச் செபத்தில் மூச்சுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வரும்?

பெரியம்மா இப்போது ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார். மந்திரத்துக்கு மணி, சுற்றுக்கு ஒரு தொடுகை. இலட்சம் செபத்துக்கு 926 சுற்றுகள் வேண்டும். பெருக்கினால் 1,00,008 வருகிறது. மிஞ்சும் எட்டைப் பேரனின் சாதாரணதரப் பரீட்சைக் கணக்கில் சேர்த்துவிட்டதாகச் சொல்கிறார்.