ஐந்து நட்சத்திரம் வாங்கியும் கீழே கிடந்த வீடு

இலங்கை மலைநாட்டின் அப்புத்தளையில் இருந்து தம்பேதன்ன பக்கம் ஏறும் பாதையில், என் பெரியம்மா மகள் தன் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறார். பெரியம்மா காலமெல்லாம் கொழுந்து பறித்துச் சேர்த்த சேமலாப நிதிப் பணத்தில் கட்டிய அறைகள் அவை. நான் போயிருந்தபோது அக்கா போனை நீட்டிக் கேட்டார்: "தம்பி, வந்து தங்கின மூனு பேரும் அஞ்சு அஞ்சுன்னு போட்டுட்டுப் போயிருக்காங்க. கீழ் ரோட்டு வீட்டுக்கு நாலு புள்ளி ஆறுதான். ஆனா தேடினா அதுதான் மொதல்ல வருது, நம்ம வீடு அடியில கெடக்கு. இது என்ன கணக்கு?"

கீழ் ரோட்டு வீட்டுக்கு 212 பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது.

ஒரு வீட்டை மேலே காட்டுவதா கீழே காட்டுவதா என்பதை நட்சத்திரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்றது என்று மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. அறை பதிவு செய்யும் தளங்கள் விலை, காலி அறை என்று இன்னும் பலவற்றைச் சேர்த்துக்கொள்ளும். முழுச் சூத்திரத்தை யாரும் வெளியே விடுவதில்லை. ஆனால் வந்துபோனவர்களின் மதிப்பீட்டை எப்படி எடைபோட வேண்டும் என்ற கணிதம் பழையது. அதைப் புரிந்துகொள்ளக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுப்பதைப் பார்த்திருந்தால் போதும்.

சாக்கின் மேலாக மூன்று கொழுந்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, சாக்கு முழுக்க நல்ல இலைதான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கையை அடிவரை விட்டு நாலு பிடி எடுத்துப் பார்த்தால்தான் முற்றல் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியும். மேலே இருந்த மூன்றும் இளந்தளிராக இருந்தது உண்மைதான். ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அக்காவின் மூன்று ஐந்துகளும் அப்படித்தான். அவை பொய் இல்லை. அவற்றை வைத்து முடிவு கட்டத்தான் முடியாது.

இந்தச் சிக்கலைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் லப்லாஸ் யோசித்தார். அவர் கண்ட வழி மிக எளிமையானது: கையில் இருக்கும் சாட்சிகளோடு, கற்பனையாக ஒரு நல்லதையும் ஒரு கெட்டதையும் சேர்த்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். மூன்றுக்கு மூன்றும் நல்லது என்றால் நூற்றுக்கு நூறு இல்லை. ஐந்தில் நான்கு, அதாவது 80 வீதம். 212 பேரில் 200 பேர் நல்லது என்றால் 214இல் 201, ஏறத்தாழ 94 வீதம். சாட்சி கூடக் கூட, அந்தக் கற்பனை இருவரின் பாரம் கரைந்துபோகும். 1927இல் எட்வின் வில்சன் என்ற அமெரிக்கர் இதே கேள்விக்கு இன்னும் நுணுக்கமான ஒரு சூத்திரம் கொடுத்தார். வாக்குகளை வரிசைப்படுத்தும் மென்பொருள்களில் அது இன்றும் ஓடுகிறது.

நட்சத்திரங்களுக்கு இந்த யோசனையைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாம். புதிதாக வரும் ஒவ்வொரு வீட்டுக்கும், அந்தப் பகுதி வீடுகளின் பொதுச் சராசரியை 20 பேர் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சராசரி 4.2 என்று இருக்கட்டும். (இருபதும் 4.2ம் விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள்.) அக்கா வீட்டின் மூன்று ஐந்துகளை அதோடு சேர்த்தால் 4.30 வருகிறது. கீழ் ரோட்டு வீட்டின் 212 பேரைச் சேர்த்தால் 4.57. இப்போது எது மேலே என்பது தெளிவு. அக்காவுக்கு அதேபோல் பத்து ஐந்துகள் கிடைத்தால் 4.47, நாற்பது கிடைத்தால் 4.73. அப்போது கீழ் ரோட்டு வீட்டைத் தாண்டிவிடுவார். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தளம் தன் முதல் 250 படங்களின் பட்டியலுக்கு இந்த மாதிரிச் சூத்திரத்தைத்தான் வெளிப்படையாக அறிவித்திருந்தது. பத்து ரசிகர்கள் சேர்ந்து பத்துக்குப் பத்து போட்டு ஒரு படத்தை உச்சியில் ஏற்றிவிட முடியாமல் இருப்பது அதனால்தான்.

பார்த்தால் இது சின்ன வீடுகளுக்கு எதிரான ஏற்பாடு போலத் தோன்றும். அக்காவுக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அதே கணக்கு சின்ன வீட்டுக்குக் குடையும் பிடிக்கிறது. கொஞ்ச நாளில் நான்காவதாக ஒருவர் வந்தார். அவர் தங்கிய இரண்டு நாளும் மலையை மூடிய பனிமூட்டம் விலகவே இல்லை. லிப்டன் சீட் என்ற காட்சி முனைக்கு ஏறிப்போனவர் வெள்ளையைத் தவிர ஒன்றையும் காணவில்லை. திரும்பிப்போய் ஒரு நட்சத்திரம் போட்டார். எழுதியது ஒரே வரி: காட்சி இல்லை. அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மலைநாட்டில் மூட்டத்துக்கு வீட்டுக்காரி என்ன செய்வாள்?

நேரடிச் சராசரி எடுத்தால், 5.0இல் இருந்த அக்கா வீடு ஒரே அடியில் 4.0க்கு விழுகிறது. அதே ஒரு நட்சத்திரம் கீழ் ரோட்டு வீட்டுக்கு விழுந்திருந்தால் 4.60 என்பது 4.58 ஆகும், அவ்வளவுதான். ஆனால் அந்த 20 கற்பனைப் பேரோடு கணக்குப் பார்த்தால் அக்கா வீடு 4.30இல் இருந்து 4.17க்கு மட்டுமே இறங்கும். ஆட்கள் பார்க்கும் எண் தடாலென்று விழுந்தாலும், வரிசைப்படுத்தும் எண் இந்த முறையில் அவ்வளவாக அசையாது. மூன்று பேரின் பாராட்டை முழுதாக நம்பாத கணக்கு, ஒருவரின் கோபத்தையும் முழுதாக நம்புவதில்லை.

அடுத்த கேள்வி, எழுதுவது யார் என்பது. இணையத்தில் நட்சத்திரங்களின் பரவலை வரைந்தால் பெரும்பாலும் ஒரு விசித்திரமான வடிவம் வரும். ஐந்தில் பெரிய குன்று, ஒன்றில் சின்ன மேடு, நடுவில் பள்ளம். அப்படியே மகிழ்ந்துபோனவர் எழுதுவார், கொதித்துப்போனவர் எழுதுவார். நன்றாகத் தூங்கி, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, திருப்தியாக ரயிலேறியவர் எழுதமாட்டார். அதனால் அந்தச் சராசரி, தங்கியவர்களின் மனதைக் காட்டும் எண் இல்லை. எழுதத் தோன்றியவர்களின் மனதைக் காட்டும் எண். இதைச் சரிசெய்ய ஒரே நேர்மையான வழி, பிடித்துப்போனவர் என்று தோன்றுகிறவரிடம் மட்டும் கேட்காமல், வந்த எல்லாரிடமும் எழுதச் சொல்லிக் கேட்பது. அக்காவிடம் நான் அதைத்தான் சொன்னேன். அவருக்குக் கூச்சம். சாமான் விற்கிற மாதிரி இருக்கிறது என்றார். காலைத் தேத்தண்ணி கொடுக்கும்போது கேளுங்கள், அப்போது கேட்டால் கேட்பது போலவே தெரியாது என்றேன்.

பலர் சொல்வதைச் சேர்த்துக் கூட்டினால் உண்மை கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. 1907இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், இங்கிலாந்தின் பிளைமவுத் சந்தையில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகித்து 787 பேர் எழுதிப்போட்ட சீட்டுகளை ஆராய்ந்தார். சிறியதில் இருந்து பெரியது வரை அடுக்கினால் நடுவில் நின்ற ஊகம் 1,207 இறாத்தல். அவர் பதிவு செய்த உண்மை எடை 1,198. ஒரு வீதம்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே சீட்டு எழுதியவர்கள் அடுத்தவர் சீட்டைப் பார்க்கவில்லை. நட்சத்திரம் போடுகிறவரோ, முன்னால் வந்தவர்கள் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்.

அது எவ்வளவு தூரம் ஆளை இழுக்கும்? 2013இல் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் மூவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செய்தித் தளம் ஒன்றில் வாசகர்கள் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில், குலுக்கல் முறையில் சிலவற்றுக்குப் பிறந்தவுடனேயே ஒரு ஆதரவு வாக்கையும் சிலவற்றுக்கு ஒரு எதிர்ப்பு வாக்கையும் போட்டார்கள். முதல் வாக்கு ஆதரவாக விழுந்த கருத்துகளின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 வீதம் கூடியது. எதிர்ப்பு வாக்கு விழுந்தவற்றை அடுத்து வந்தவர்கள் ஆதரவு போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள். பொய்யாக இறக்கியதைத் திருத்திய கூட்டம், பொய்யாக ஏற்றியதைத் திருத்தவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இது.

மலைநாட்டில் இதற்குக் கண்முன்னே ஒரு சாட்சி நிற்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் செங்கல்லாலும் கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது. தோட்டத்துச் சனத்துக்கு அது ரயில் போகிற பாலம். கையில் கமராவோடு போன் வந்த பிறகு, ஒரு பயணி போட்ட படத்தைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அவர் எடுத்த படம் பத்துப் பேரை இழுத்தது. எந்தப் படத்துக்கு அதிக விருப்பம் விழுகிறதோ அதையே செயலி இன்னும் பலருக்குக் காட்டும். இருக்கிறவனுக்கே மேலும் சேரும் இந்தச் சுழலைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1968இலேயே அறிவியல் உலகில் கவனித்து எழுதினார். பாலம் அழகானது, சந்தேகமில்லை. ஆனால் தலவாக்கலையின் சென் கிளையர் நீர்வீழ்ச்சியும் அழகானதுதான். ஒன்றுக்கு அந்த அளவு கூட்டமும் மற்றதற்கு இந்த அளவு கூட்டமும் ஏன் என்பதை அழகை மட்டும் வைத்து விளக்க முடியாது.

2006இல் வெளிவந்த ஓர் இசைப் பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகவும், மற்றவர் தெரிவைப் பார்க்காத ஒரு கூட்டமாகவும் பிரித்து, பெயர் தெரியாத அதே 48 பாட்டுகளைக் கொடுத்தார்கள். மற்றவர் எதைப் பதிவிறக்கினார்கள் என்று பார்க்க முடிந்த எட்டு உலகங்களிலும், எந்தப் பாட்டு எவ்வளவு மேலே என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்லவை பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் உச்சிக்கு வரவில்லை. நடுவில் இருந்தவற்றின் விதியை முதலில் வந்தவர்களே எழுதினார்கள்.

முதல் சில வாக்குக்கு இவ்வளவு பலம் என்றால், அதை விலைக்கு விற்கவும் ஆள் வரும். அக்காவுக்கும் ஒரு அழைப்பு வந்தது: காசு கொடுத்தால் ஐம்பது ரிவியூ போட்டுத் தருவதாக. வேண்டாம் என்று அக்கா உடனே சொல்லிவிட்டார். பொய் என்பதோடு, அது பிடிபடும் பொய் என்பதும் உண்மை. நாலு பேர் வந்த வீட்டுக்கு ஒரே வாரத்தில் ஐம்பது பேர் எழுதுவதும், அந்த ஐம்பது கணக்குகளும் காலியிலும் கண்டியிலும் அதே நாளில் அதே மாதிரி எழுதியிருப்பதும் இயந்திரத்துக்கு எளிதில் தட்டுப்படும்.

சொற்களும் காட்டிக்கொடுக்கும். 2011இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் சிக்காகோவின் 20 ஹோட்டல்களைப் பற்றி 400 உண்மை விமர்சனங்களையும், காசு கொடுத்து எழுதவைத்த 400 போலி விமர்சனங்களையும் எடுத்துக்கொண்டார்கள். மனிதர்களால் பிரித்தறிய முடியவில்லை, பெரும்பாலும் காசு சுண்டிப் பார்த்த மாதிரிதான். கணினி ஏறத்தாழ 90 வீதம் சரியாகச் சொன்னது. தங்கியவர் குளியலறை, மாடி, இடம் என்று எழுதியிருந்தார். தங்காதவர் என் கணவர், என் விடுமுறை என்று தன்னைப் பற்றியே எழுதியிருந்தார். போகாத வீட்டின் மூலை முடுக்கை எழுத முடியாதல்லவா? அதேபோல், அக்கா வீட்டில் உண்மையாகத் தங்கியவர்தான் சுடுதண்ணி வர இரண்டு நிமிஷம் ஆகும், பின்பக்கப் படி கொஞ்சம் செங்குத்து என்று எழுதுவார். அந்தச் சின்னக் குறைகள் வீட்டுக்குச் சாட்சி.

சரி, மூட்டத்துக்காக விழுந்த அந்த ஒரு நட்சத்திரத்தை என்ன செய்வது? அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. பதில் எழுதலாம். டாவிடே புரொசர்பியோ, ஜோர்ஜோஸ் செர்வாஸ் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஹோட்டல்கள் பதில் எழுதத் தொடங்கிய பிறகு அவற்றின் மதிப்பு சராசரியாக 0.12 நட்சத்திரம் உயர்ந்ததையும், விமர்சனங்களின் எண்ணிக்கை 12 வீதம் கூடியதையும் கண்டார்கள். குறை சொல்லும் விமர்சனங்கள் குறைந்தன, ஆனால் வந்தவை நீளமாக வந்தன. வீட்டுக்காரர் படித்துப் பதில் சொல்வார் என்று தெரிந்ததும், போகிற போக்கில் ஒரு வரி எறிகிறவர் ஒதுங்கிக்கொள்கிறார். உண்மையாகவே குறை உள்ளவர் நிதானமாக விளக்கி எழுதுகிறார் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அன்றிரவு அடுப்படியில் உட்கார்ந்து அக்கா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். உங்கள் இரண்டு நாளும் வீணானதற்கு வருந்துகிறோம். இங்கே பத்து மணிக்கு மேல் மூட்டம் ஏறிவிடுவது வழக்கம். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பெரும்பாலும் காட்சி கிடைக்கும், அந்த நேரத்துக்கு எங்களிடம் சுடச்சுடத் தேத்தண்ணி உண்டு. இரண்டு கிழமை கழித்து வந்த ஜோடி, பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டார்களாம்: "நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுப்பிவிடுவீங்களா?"